தைராய்டு ஹார்மோன் மூளை செல்லுக்குள் போவது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் உயிர்வேதியியல் பாடம் நடத்தியவன், டாக்டர் இல்லை. தைராய்டு மாத்திரை எத்தனை மைக்ரோகிராம் போடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: சார், இந்த ஹார்மோன் கொழுப்பில் கரையும்தானே, தானாகவே மூளைக்குள் ஊறிவிடாதா?

அப்படித்தான் ரொம்ப காலம் நம்பினார்கள். 1970களின் கடைசியில் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எலியின் கல்லீரல் செல்களை வைத்துப் பார்த்தபோது, ஹார்மோன் உள்ளே போக செல் தன் ஆற்றலைச் செலவழிப்பது தெரிந்தது. அப்படியானால் அதற்கென்று ஒரு வாசல் இருக்க வேண்டும் இல்லையா? 2003ல் அதே ஊர்க்காரர்கள்தான் எம்சிடி8 என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார்கள்.

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் நெருக்கித் தைத்த துணி மாதிரி. அதை எம்சிடி8 வழியாகத் தாண்டி வருகிற டி4ஐ (தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன், தைராக்சின் என்பதும் இதுதான்) ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல் வாங்கி, அதிலுள்ள நாலு அயோடினில் ஒன்றைக் கழற்றி, செல்லுக்குள் வேலை செய்யும் வடிவமான டி3 ஆக்குகிறது. அந்த டி3ஐத்தான் நியூரான் என்ற நரம்பு செல், மறுபடியும் எம்சிடி8 வழியாக, உள்ளே இழுத்து மரபணுக்களை இயக்குகிறது. வேண்டியதற்கு மேல் இருந்தால் நியூரானே இன்னொரு அயோடினைப் பிடுங்கி அதைச் செல்லாக்காசாக்கிவிடும்.

ஆத்தூரிலிருந்து: அக்கா பையனுக்கு 3 வயது, இன்னும் தலை நிற்கவில்லை. டிஎஸ்எச் நார்மல், டி3 மட்டும் அதிகம். தைராய்டு கோளாறு இல்லை என்கிறார்களே?

டிஎஸ்எச்சை, அதாவது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை, மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. டி3 தூக்கலாகவும் டி4 குறைவாகவும் இருந்து, பையனுக்கு உடம்பும் தொளதொளவென்று இருந்தால், குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் மூன்று ரிசல்ட்டையும் காட்டி எம்சிடி8 மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள். இந்த வாசல் பழுதானால் வருவது ஆலன்-ஹெர்ன்டன்-டட்லி நோய். 1944லேயே விவரித்துவிட்டார்கள், காரணம் தெரியத்தான் அறுபது வருஷம் ஆனது. உங்கள் பையனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, வேறு காரணங்களும் நிறைய உண்டு.

அதே ஆள்: அதுதான் என்றால் தைராக்சின் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது. கதவு பூட்டியிருக்கும்போது வாசலில் கூட்டம் சேர்த்து என்ன பயன்? மூளை பட்டினி கிடக்க, வெளியே இதயமும் தசையும் ஏற்கெனவே டி3யில் திணறிக்கொண்டிருக்கும். படபடப்பு, எடை குறைதல் எல்லாம் அதனால்தான். ட்ரையாக் என்று ஒரு மருந்து, எம்சிடி8 இல்லாமலே செல்லுக்குள் போகும், ஐரோப்பாவில் 2025ல் அனுமதித்தார்கள். ஆனால் அது முக்கியமாகச் சரிசெய்வது உடம்பில் கூடிப்போன டி3யின் தொல்லையை. மூளை வளர்ச்சியைத் திருப்பித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

சங்ககிரி: சொந்தத்தில் கட்டியதால் வருமா?

இதற்கு அது காரணமில்லை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வரும். அம்மா தாங்கியாக, அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவராக இருந்தால், அப்பா மாமன் மகனோ யாரோ, ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில குழந்தைகளுக்குப் புதிதாகவும் உண்டாகும்.

கல்லூரி மாணவி: எம்சிடி8 இல்லாத எலி நன்றாகத்தானே ஓடுகிறது சார்?

நல்ல கேள்வி. எலியின் மூளைச் சுவரில் ஓஏடிபி1சி1 என்ற இன்னொரு வாசல் தாராளமாக இருக்கிறது, டி4 அது வழியாகப் போய்விடும். இரண்டையும் நீக்கினால் எலியும் தடுமாறும். மனிதர் சுவரில் அந்த இரண்டாவது வாசல் ரொம்பக் குறைவு.

ஏற்காடு: தோட்டத்துக் காப்பி குடித்துவிட்டு தைராய்டு மாத்திரை போடலாமா?

மாத்திரை முதலில், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பி ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். குடலே உறிஞ்சாத மருந்து மூளை வாசல் வரை எங்கே வரப்போகிறது?