குறிஞ்சி கேட்டால் ரிசார்ட் வருகிறது!

இணையத்தில் தேடுவது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொன்னதும் சொன்னேன், கார்டும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் நூலக மேசையில் உட்கார்ந்து, "அந்த நீல அட்டை போட்ட புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தேடிக் கொடுத்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகும் அதே வேலைதான், அலமாரிதான் மாறியிருக்கிறது.

மகளுக்குப் பள்ளியில் நீலக்குறிஞ்சி பற்றி புராஜெக்ட். குறிஞ்சி என்று அடித்தால் ரிசார்ட், ஓட்டல், அபார்ட்மென்ட் என்று வருகிறது. எங்கள் மலைமேல் பூக்கிற பூவைப் பற்றி உருப்படியாக ஒரு பக்கம் கிடைக்கவில்லையே அம்மா?
— திண்டுக்கல் வாசகி

என் மேசைக்கு வந்து "குறிஞ்சி" என்று ஒற்றைச் சொல்லோடு நின்றிருந்தால், "எந்தக் குறிஞ்சிம்மா, திணையா, பண்ணா, பூவா?" என்று நானும் கேட்டிருப்பேன். கூகுள் திருப்பிக் கேட்காது. ஊரில் அதிகம் பேர் எதைத் தேடுகிறார்களோ அதை எடுத்து நீட்டிவிடும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நானே உட்கார்ந்து தேடினேன். முதலில் "நீலக்குறிஞ்சி பூ" என்று அடித்தேன். ரிசார்ட் குறைந்தது, டூர் பேக்கேஜ் வந்தது. அடுத்து வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி: நீலக்குறிஞ்சி -டூர் -பேக்கேஜ் -ரிசார்ட். குறி அந்தச் சொல்லோடு ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் பலிக்காது. ஆங்கிலத்தில் தேடினால் விலக்கும் சொல்லையும் ஆங்கிலத்திலேயே கொடுங்கள். இப்போது 2018-இல் கொடைக்கானலிலும் மூணாறிலும் பூத்தபோது வந்த செய்திகள் மேலே ஏறின. அதற்கு முந்தைய பூப்பு 2006, அடுத்தது 2030 என்ற கணக்கும் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு இதுவே போதும் என்று நினைப்பீர்கள். போதாது. அந்தச் செய்திகளில் ஒன்றில் செடியின் தாவரவியல் பெயர் இருந்தது: ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. எனக்கு வேண்டிய சாவி அதுதான்.

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் அடித்ததும் டூர்க்காரர்கள் ஒருவர்கூட இல்லை. எந்த ரிசார்ட்காரர் லத்தீன் எழுதப்போகிறார்? அதோடு மோனோகார்பிக் என்ற சொல்லையும் சேர்த்தேன். வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிற செடிகளை அப்படித்தான் சொல்வார்கள். கடைசியாக ஃபைல்டைப் என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி (:), உடனே பிடிஎஃப். ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகள் வந்து நின்றன. ஐந்து தேடல், பத்து நிமிஷம்.

நம் வாயில் வருகிற கேள்வியை அப்படியே அடிப்பதில் தப்பில்லை, இன்றைக்கு முழு வாக்கியத்தையும் அது ஓரளவு புரிந்துகொள்கிறது. ஆனால் ஆழமான பக்கம் வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று யோசித்து அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். தெரியாவிட்டால் முதல் தேடலை அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க மட்டும் செலவழியுங்கள்.

முக்காற்புள்ளி என்றதும் எனக்கு ரங்கநாதன் ஞாபகம் வந்துவிடும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933-இல் வெளியிட்ட நூல் பகுப்பு முறைக்குப் பெயரே கோலன் பகுப்பு, கோலன் என்றால் முக்காற்புள்ளிதான். பரீட்சைக்கு அதை உருப்போட்டு முக்காற்புள்ளி வைத்து வைத்துத் தேய்ந்த விரல் இது. கிழவி ஆனபிறகும் அந்தப் புள்ளி விடவில்லை.

வில்லங்கச் சான்று எடுக்க கூகுளில் தேடி, முதலில் வந்த தளத்தில் 300 ரூபாய் கட்டினேன். பணம் போனதுதான் மிச்சம். முதலில் வருவது சரியான தளம் இல்லையா?
— ராஜபாளையம் வாசகர்

முதலில் வருவது பல சமயம் விளம்பரம். மேலே பொடி எழுத்தில் ஸ்பான்சர்டு என்று இருக்கும், அவசரத்தில் யார் பார்க்கிறோம்? கோபுரம் படம், அரசு மாதிரியே கலர், "பட்டா சிட்டா வில்லங்கம்" என்று கொட்டை எழுத்து, எல்லாம் இருக்கும். முகவரியின் வாலைப் பாருங்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளமானாலும், பட்டா சிட்டா பார்க்கிற இ-சர்வீசஸ் தளமானாலும், ஜிஓவி டாட் இன் என்று முடியும். தேடும்போதே கட்டிப்போட வழி உண்டு: தேடும் சொல்லுக்குப் பக்கத்தில் சைட், முக்காற்புள்ளி, ஜிஓவி டாட் இன். ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல். விளம்பரம் எட்டிப்பார்த்தாலும் பார்க்கும், மற்றபடி அரசு தளங்கள் மட்டுமே வரும். வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2025-இல் பேங்க் டாட் இன் என்ற தனி வாலைக் கொண்டுவந்திருக்கிறது.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பார்சல் ஒன்று வரவில்லை என்று ஒரு கூரியரின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடினேன். வந்த முதல் நம்பரைக் கூப்பிட்டேன். "மேடம், அஞ்சு ரூபா மட்டும் அனுப்பி கன்ஃபர்ம் பண்ணுங்க" என்று தேனாகப் பேசினான். அஞ்சு ரூபாய் அனுப்பியதும் கணக்கிலிருந்து 2,000 போயிற்று. பார்சல் மறுநாள் தானாகவே வீட்டுக்கு வந்தது, அதுவேறு! போன் நம்பரை மட்டும் தேடுபொறியில் எடுக்காதீர்கள். பில்லிலோ, ரசீதிலோ, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ பாருங்கள். பணம் போனால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

தமிழில் தேடினால் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது? எங்கள் சங்கத்தின் பழைய மலர் பிடிஎஃப்பாகத் தளத்தில் இருக்கிறது. அதிலுள்ள வரியையே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினாலும் இல்லை என்கிறது.
— தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, அந்த மலரைத் திறந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டினால் காரணம் அதுதான். டிடிபி கடைகளில் ஓடிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத்தான் தமிழ், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தேடுபொறி கண்ணால் படிப்பதில்லை. ஜே-கே-பி-ஓ என்று ஏதோ உளறியிருக்கிறார்கள் என்று நகர்ந்துவிடும். நம் ஆட்களிடம் ஆளுக்கொரு குறியீடு இருந்தது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியீடுகளாக ஒழுங்குபடுத்தினார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடான யூனிகோடுக்குத் தமிழக அரசு வந்தது 2010-இல்தான். அதற்கு முன்னால் ஏற்றியதில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்கு இருந்தும் தேடலுக்கு இல்லாமல் கிடக்கிறது. யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு மலரைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள், வரும். ஸ்கேன் செய்த பிரதி என்றால் கதை வேறு, அது வெறும் போட்டோ.

இன்னொரு வம்பு, மேற்கோள் குறி. ஆங்கிலக்காரர்களுக்கு அது வரம். நமக்குப் பாதி வரம். "தஞ்சைப் பெரிய கோயில்" என்று குறிக்குள் அடித்தால், வல்லினம் போடாமல் "தஞ்சை பெரிய கோயில்" என்று எழுதியவரும் "கோவில்" என்று எழுதியவரும் வரமாட்டார்கள். "கோயிலின்", "கோயிலுக்கு" எல்லாம் வேறு சொல்லாகிவிடும். நீங்கள் சந்தி பார்க்காமல் எழுத மாட்டீர்கள், தெரியும். ஆனால் தேடும்போது கொஞ்சம் தப்பாகவும் எழுதிப் பாருங்கள் ஐயா!

கௌரி என்பதில் ஔகாரக் குறி இருக்கிறதா, ளகரம் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 'கெ' போட்டு, 'ள' போட்டு, 'ரி' போட்டவர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியலில் ஒரு கௌசல்யா காணாமல் போனால் கெ-ள என்று அடித்துப் பாருங்கள், உட்கார்ந்திருப்பாள்.

மேலேயே ஏஐ சுருக்கமாகச் சொல்லிவிடுகிறதே, கீழே போக வேண்டுமா?
— கோவை கல்லூரி மாணவி

இங்கே அது வர ஆரம்பித்தது 2024 ஆகஸ்டில். நானும் படிக்கிறேன், பொதுவான விஷயத்துக்குப் பரவாயில்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஊரின் நூலகம் பற்றிக் கேட்டபோது, அதே பெயருள்ள இன்னொரு மாவட்டத்து ஊரையும் கலந்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரலாறு எழுதிக்கொடுத்தது. படிக்க நன்றாகவே இருந்தது! பக்கத்தில் சின்னதாக இணைப்பு இருக்கும், அதைத் திறந்து அந்த வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமே வேண்டாம் என்றால் மேலே உள்ள வரிசையில் வெப் என்பதைத் தட்டுங்கள், வெறும் இணைப்புகள் மட்டும் வரும். தேடல் முன்பு அப்படித்தான் இருந்தது.

போன வருஷம் குறித்துவைத்த பக்கத்தைத் திறந்தால் "இல்லை" என்கிறது.
— வேலூர் வாசகர்

முகவரியை காப்பி செய்து இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டுங்கள். 1996-இலிருந்து பக்கங்களைப் படம்பிடித்ததுபோல் சேமித்து வைத்திருக்கிறார்கள். நாள்காட்டி வரும், உங்கள் தேதிக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதிர்ஷ்டம்.

என் தாத்தா சிங்கப்பூரில் வட்டிக்கடையில் இருந்தவர், 1930-களில் திரும்பிவிட்டார். பெயரைப் போட்டு எவ்வளவோ தேடிவிட்டேன். ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்து விஷயம் இணையத்தில் இருக்குமா ஆச்சி?
— தேவகோட்டை வாசகர்

ஆச்சி என்று கூப்பிட்டுவிட்டீர்கள், இதை ரசித்துத் தேடினேன்.

கூகுள் இதற்குச் சரியான இடம் இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குள் போய், அங்குள்ள பெட்டியில் தேடுங்கள். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது. 1935-இல் வந்த தமிழ் முரசும் இருக்கிறது.

இனி எழுத்துக்கூட்டல். நீங்கள் இன்றைய ஆதார் அட்டை எழுத்தில் தாத்தாவைத் தேடியிருப்பீர்கள். அன்றைய வெள்ளைக்காரப் பத்திரிகை காதில் விழுந்தபடி எழுதியது. செட்டியார் என்பது செட்டி ஆகும், சில இடத்தில் சிட்டி ஆகும். மெய்யப்பன் என்பதில் கடைசி 'ன்' இருக்காது. முத்தையாவில் 'உ' இரட்டை 'ஓ' ஆகியிருக்கும். ஊரும் அப்படியே: தஞ்சாவூர் டான்ஜோர், திருச்சி டிரிச்சினோபொலி, நாகப்பட்டினம் நேகபட்டம். போதாக்குறைக்கு மங்கிய அச்சை இயந்திரம் தப்பாக வேறு படித்திருக்கும். நல்ல பெயரே ஐந்தாறு விதமாகக் கிடக்கும்போது பெயரை நம்பித் தேடக்கூடாது.

பெயர் மாறும், முகவரி மாறாது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கிகள் இருந்தது மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் செட்டி என்று போட்டு, வருஷத்தை 1925 முதல் 1935 வரை என்று குறுக்குங்கள். கோர்ட்டு வழக்கு, ஏலம் என்று வரிசையாக வரும். கடன் கொடுக்கல் வாங்கல்காரர்கள் பத்திரிகையில் ஏறுவது பெரும்பாலும் அந்த மாதிரி பத்திகளில்தான், கல்யாணச் செய்தியில் இல்லை. கதவு எண் தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

அதைவிட முக்கியம் விலாசம். ஊர் தெரு விலாசத்தைச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும், கடையின் முன்னெழுத்துகள். நோட்டீஸ்களில் அந்த மூன்று நான்கு எழுத்துகளை முன்னால் போட்டுத்தான் பெயரை அச்சடிப்பார்கள். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து ஒரு தடவை, இடைவெளி விட்டு ஒரு தடவை, ஒட்டி ஒரு தடவை என்று மூன்று விதமாகத் தேடுங்கள்.

கடிதத்தில் அந்த விலாசத்தை நீங்கள் எழுதவில்லை. வீட்டில் தாத்தா காலத்துப் பெட்டி ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திறங்கள். ஒரு பழைய உண்டியல் சீட்டிலோ கடித உறையிலோ அந்த எழுத்துகளும் கதவு எண்ணும் இருக்கும். கிடைத்ததும் ஒரு கார்டு போடுங்கள், நானும் சேர்ந்து தேடுகிறேன்.