ஹோலோகாஸ்ட் வரலாற்றாசிரியருக்கு இன்னும் என்ன வேலை மிச்சம்?

"யூத இனப்படுகொலை பற்றித்தான் எல்லாம் எழுதியாகிவிட்டதே, வரலாற்றாசிரியர்கள் இன்னும் எதைத் தேடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பர்க்கின் வேலையைச் சொன்னால் புரியும்.

1926இல் வியன்னாவில் பிறந்த யூதர் அவர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். போருக்குப் பின் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் அலுவலகக் கோப்புகளில் பல்லாண்டுகள் மூழ்கிக் கிடந்தார். 'ஏன்' என்ற பெரிய கேள்வியை ஒதுக்கிவைத்து, 'எப்படி' என்பதைத் துருவினார்.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய மனிதர்களுக்கு ஜெர்மன் ரயில்வே மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட், நான்குக்குக் கீழே இலவசம். 400 பேர் சேர்ந்தால் குழுச் சலுகை. கைதிகளுக்கு ஒருவழிக் கட்டணம். காவலர்களுக்குத்தான் திரும்பிவரவும் டிக்கெட். 1942இல் போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போன ரயில்களின் கால அட்டவணை உத்தரவு ஒன்றை ஹில்பர்க் வரிவரியாகப் படித்துக்காட்டுவார்: நிரம்பிப் போகிறது, காலியாகத் திரும்புகிறது. கொலை என்ற சொல்லே கிடையாது. 'ரகசியம்' என்ற முத்திரைகூட இல்லை. சாதாரண குமாஸ்தா வேலை! எனக்கு முகாம் படங்களைவிட இந்தத் தாள்தான் அதிகம் உறைத்தது.

அவரிடம் குறையும் உண்டு. கொன்றவர்களின் காகிதங்களையே பெரிதும் நம்பினார். மற்றவர்கள் வேறு பக்கம் தோண்டினார்கள், சில நேரம் நிஜமாகவே. வார்சா கெட்டோவில், அதாவது போலந்துத் தலைநகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூமின் குழு புதைத்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1946இல் தகரப் பெட்டிகளிலும், 1950இல் இரண்டு பால் கேன்களிலும் கிடைத்தன. புதைத்த மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.