கேளுங்க, சொல்லுதேன்: சல்லிக் காசில் எடுத்த பேய்ச் சிரிப்புப் படங்கள்

கேள்வி: பேயின் முகத்தில் ரப்பர் சுருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ரத்தம் சாயம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் இந்த மாதிரிப் பேய்க் காமெடியைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். என்ன காரணம்? (வாசகி, திசையன்விளை)

பதில்: அம்பாசமுத்திரம் பக்கம் நான் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், கோயில் கொடை (திருவிழா) முடிந்ததும் வீடியோ கேசட் போடுகிற டெக்கை வாடகைக்குக் கேட்டு வருவார்கள். மைக் செட்காரரிடம் கரண்ட் வாங்கி, மேசை மேல் டி.வி.யை ஏற்றி, விடிய விடியப் படம் ஓடும். முதலில் சாமி படம், அடுத்து சண்டைப் படம். பேய்ப் படத்தைக் கடைசியில் வைப்பார்கள், பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடும் என்ற கணக்கில். ஒன்றுகூடத் தூங்காது. கதாநாயகன் இருட்டறைக் கதவில் கை வைத்ததும், முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏல, உள்ள போவாதல!" என்று சத்தம் போடுவார். அவன் போவான். பேய் வரும். கூட்டம் மொத்தமும் அலறும். அலறி முடித்த கையோடு, பக்கத்தில் அதிகமாக அலறியது யார் என்று பார்த்துச் சிரிக்கும். "அண்ணாச்சி, அந்த இடத்த இன்னொரு தடவ போடுங்க" என்பார்கள். ரீவைண்ட் பண்ணிப் போட்டால் சிரிப்பு இரண்டு மடங்காகும்.

நம் பக்கத்துக்கு இது புதிதில்லை. சுடலைமாடன் கோயில் சாமக்கொடையில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது ஊரே மூச்சடக்கி நிற்கும். அதே கோயில் முன்னால்தான் மகுடம் என்கிற தோல்வாத்தியம் அதிரக் கணியான் கூத்தும் நடக்கிறது. பெண் வேஷம் கட்டிய ஆண்கள் ஆட, நடுவில் கேலியும் கிண்டலுமாகப் பேச்சு ஓடும். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பயமும் சிரிப்பும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பழகிய ஊர் இது.

அப்புறம், நீங்கள் சொல்லும் ரப்பர். அது தெரிவதுதான் இந்தப் படங்களின் உயிர் என்று நான் நம்புகிறேன். பீட்டர் ஜாக்சன் பின்னாளில் 11 ஆஸ்கர் வாங்கிய படத்தை எடுத்தவர். நியூசிலாந்தில் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, வார விடுமுறைகளில் நண்பர்களைக் கூட்டி நாலு வருஷமாக எடுத்த முதல் படம் 'பேட் டேஸ்ட்' (1987). வேற்றுக்கிரக ஆட்களின் முகமூடிகளைத் தன் அம்மாவின் சமையலறை ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறார். அந்த முகமூடியைத் திரையில் பார்க்கும்போது ஒரு மனுஷன் ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை தெரிகிறது. கம்ப்யூட்டரில் வழுவழுவென்று வரும் பேயிடம் எனக்கு அந்த ஒட்டுதல் வருவதில்லை.

கேள்வி: படம் கொடூரமாகவும் இருந்து சிரிப்பும் வருவது எப்படி? ஒரு காட்சியை வைத்துச் சொல்லுங்களேன். (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: சாம் ரைமியின் 'ஈவில் டெட் 2' (1987). கதாநாயகனாக வரும் புரூஸ் கேம்பலின் வலது கைக்குள் பேய் புகுந்துவிடும். கை மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. சமையலறையில் அது தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் தலையிலேயே உடைக்கும். முடியைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளும். கடைசியில் அந்தக் கையை அவரே வெட்டி எறிகிறார். கதையாகக் கேட்டால் குலை நடுங்கும். ஆனால் திரையில் இருப்பது ஒரே நடிகர், அவர் உடம்பு, கொஞ்சம் பீங்கான். தன் கையைப் பார்த்துத் தானே பயப்படுகிற அந்த முகத்தில் துளியும் விளையாட்டு இல்லை. அவர் நிஜமாகப் பயப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவரே "இது காமெடி" என்று கண்ணடித்திருந்தால் படம் அங்கேயே செத்திருக்கும். நம் ஊரில் 'மரகத நாணயம்' (2017) நன்றாக வந்ததற்கும் இதுதான் காரணம். ஆணின் ஆவி புகுந்த பெண்ணாக நிக்கி கல்ராணி அந்த ஆண் குரலுக்கு ஏற்ற உடல்மொழியைக் கடைசி வரை விடவில்லை.

கேள்வி: இத்தகைய படங்களைத் தியேட்டரில் பார்ப்பது வீண் செலவா? (வாசகர், தென்காசி)

பதில்: கூட்டத்தோடு பார்க்கத்தான் இவை பிறந்தன. தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து போனில் ஒரு பேய்க் காமெடி எடுக்கப்போகிறோம். கையில் பெரிய காசு இல்லை. யோசனை சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், வள்ளியூர்)

பதில்: தம்பி, முதலில் ஜப்பான்காரர்கள் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) பாருங்கள். செலவு சுமார் 30 லட்சம் யென். முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட். "என்னடா இப்படிச் சொதப்புகிறார்கள்" என்று தோன்றும், எழுந்து போய்விடாதீர்கள். பிற்பாதியில் ஒவ்வொரு சொதப்பலுக்கும் காரணம் வரும்; அதை நான் சொல்லமாட்டேன். டோக்கியோவில் இரண்டே தியேட்டரில் திரையிட்ட படம், வாய்வழியாகவே பரவி 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது.

ஒரே இடத்தில் நடக்கிற கதையாக எழுதுங்கள். ஒரு பழைய வீடு, இல்லையென்றால் ஒரு வாழைத்தோப்பு பம்ப்செட் அறை போதும். பேய் துரத்துகிற மாதிரிக் காட்சிக்கு முதல் 'ஈவில் டெட்' குழு ஒரு வழி கண்டுபிடித்தது: நீளமான பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். உங்கள் போனுக்கும் அது ஒத்துவரும். பகலில் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு ராத்திரி ஓடுங்கள், தோப்பில் வாய்க்கால் இருக்கும்.

ரத்தத்துக்கு அவர்கள் சோளச் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தார்கள். நீங்கள் சீனிப்பாகில் சிவப்புக் கேசரிப் பவுடரும் துளி காபித்தூளும் போடலாம். வெறும் சிவப்பு ரோஸ்மில்க் மாதிரித் தெரியும், காபித்தூள்தான் அதை ரத்தமாக்கும். பாகு காய்ந்தால் துணி விறைத்துவிடும். கேம்பலின் சட்டை அப்படி விறைத்து, திரும்பப் போடும்போது உடைந்தே போனதாம். ஒரே மாதிரி இரண்டு சட்டை எடுத்து வையுங்கள். எறும்பு வரும், நடிக்கிறவரைத் தரையில் ரொம்ப நேரம் படுக்க வைக்காதீர்கள்.

காசு மிஞ்சினால் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பேய் திருநெல்வேலித் தமிழே பேசட்டும். எடுத்து முடித்ததும் ஊர்க் கொடையில் பெரியவர்களிடம் கேட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஆச்சிகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். எந்த இடத்தில் சத்தம் போடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் எடிட்டிங்கைத் திருத்துங்கள்.