ட்ராக் சைக்கிளிங்கில் ஒரு நாடு எப்படி மேலே வருகிறது, இந்தியா எங்கே நின்றுபோகிறது?

கேட்கப்பட்ட கேள்வி: "ஒலிம்பிக் ட்ராக் சைக்கிளிங்கில் பிரிட்டன் மாதிரி நாடுகள் குறுகிய காலத்தில் இவ்வளவு தங்கம் வாங்கியது எப்படி? பணமா, சைக்கிளா, பயிற்சியா? இந்தியாவால் முடியுமா?"

நான் கடலூர் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், இந்த விளையாட்டைப் பல வருஷமாக விடாமல் கவனித்து வருகிறேன். என் பதில் சுருக்கமாக: பணம் வேண்டும், ட்ராக் வேண்டும், ஆனால் நாடுகளைப் பிரித்துக் காட்டுவது பதினெட்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை ஒரு பிள்ளையை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதுதான். மற்றதை விளக்கிச் சொல்கிறேன்.

ட்ராக்கைப் பார்க்காதவர்களுக்காக: சுற்றளவு 250 மீட்டர், மரப்பலகைத் தளம், வளைவுகள் நாற்பது டிகிரிக்கு மேல் சுவர் மாதிரி சாய்ந்திருக்கும். சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மழை இல்லை, எதிர்காற்று இல்லை, குறுக்கே வரும் மாடு இல்லை. அதனால் பயிற்சியில் கடிகாரம் காட்டுகிற நேரத்துக்கும் போட்டியன்று வரப்போகிற நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. திட்டம் போட்டுப் பதக்கம் வாங்க நினைக்கிற நாட்டுக்கு இதைவிட ஏற்ற விளையாட்டு குறைவு. 1997ல் பிரிட்டனின் திட்டத்தைக் கையில் எடுத்த பீட்டர் கீன் ரோடு ரேஸை ஓரமாக வைத்துவிட்டு ட்ராக்கையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அதற்கு முன்னால் பிரிட்டன் எப்படி இருந்தது? 1992 பார்சிலோனாவில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வாங்கினார், எல்லோரும் அவர் ஓட்டிய லோட்டஸ் சைக்கிளைப் பற்றியே பேசினார்கள். நான்கு வருஷம் கழித்து அட்லாண்டாவில் ட்ராக்கில் அவர்களுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை. ஒரு நல்ல ஆளும் ஒரு நல்ல சைக்கிளும் சேர்ந்தால் ஒரு தங்கம் வரும், அவ்வளவுதான். மாற்றத்துக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் 1994லேயே வந்துவிட்டன: மான்செஸ்டரில் உள்ளரங்க வெலோட்ரோம், அதாவது சைக்கிள் ட்ராக் அரங்கம், திறந்தார்கள், தேசிய லாட்டரி தொடங்கியது. லாட்டரிப் பணம் வீரர்களுக்கு வரத் தொடங்கியதும் அவர்கள் பிழைப்புக்கு வேறு வேலை தேடாமல் முழுநேரமும் பயிற்சி செய்ய முடிந்தது. அப்புறம் 2000 சிட்னியில் ஜேசன் குவீலி ஒரு தங்கம், 2004 ஏதென்ஸில் கிறிஸ் ஹோய், பிராட்லி விகின்ஸ் என்று இரண்டு, 2008 பெய்ஜிங்கில் பத்தில் ஏழு, 2012 லண்டனில் மறுபடியும் பத்தில் ஏழு, 2016 ரியோவில் ஆறு. கட்டடம் திறந்ததிலிருந்து முதல் பெரிய அறுவடைக்குப் பதினான்கு வருஷம். நடுவில் சிட்னியோடு திட்டத்தை நிறுத்தி, "ஒரு தங்கத்துக்கு இவ்வளவு செலவா" என்று யாராவது கேட்டிருந்தால் பெய்ஜிங் நடந்திருக்காது.

மான்செஸ்டர் மாதிரி ஒரே கூரையின் கீழ் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பார்கள். பிற்பகலில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு சைக்கிளில் வந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தவளக்குப்பம் தாண்டி கன்னியக்கோயில் பக்கம் வரும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும், அப்போது முன்னால் ஒருவர் போய் நாம் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வந்தால் எவ்வளவு பாரம் குறைகிறது என்று காலுக்கே தெரியும். டீம் பர்சூட் முழுக்க அந்தக் கணக்குதான். நான்கு பேர், நான்கு கிலோமீட்டர், முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டுவார், முறை முடிந்ததும் வளைவில் மேலே ஏறி மற்றவர்களை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வார். 2024 பாரிஸில் ஆஸ்திரேலியா எடுத்த உலக சாதனை நேரம் 3 நிமிடம் 40.730 விநாடி, அதாவது சராசரியாக மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் சில சென்டிமீட்டர்தான், பிரேக்கும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முகாம் போட்டு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. அதே நான்கு ஐந்து பேர் அதே தளத்தில் வருஷக்கணக்கில் சேர்ந்து ஓட்டினால்தான் ஒருவருடைய தோள் அசைவை வைத்து அடுத்தவருக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன வயது வருகிறது. பிரிட்டன் 2004ல் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு அகாடமி ஆரம்பித்தது, ராட் எல்லிங்வொர்த் நடத்தினார். பையன்களை மான்செஸ்டரில் தங்கவைத்து, ட்ராக், ரோடு இரண்டிலும் ஓட்டவைத்தார்கள். எட் கிளான்சி, ஜெரெய்ன்ட் தாமஸ், மார்க் கேவண்டிஷ் எல்லாம் அந்தக் கூட்டம். கிளான்சி 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் டீம் பர்சூட் தங்கம் வாங்கினார். பத்திரிகைகள் என்னவோ கீனுக்குப் பிறகு திட்டத்தை நடத்திய டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டின் "சின்னச் சின்ன முன்னேற்றங்கள்" கதையைத்தான் திரும்பத் திரும்ப எழுதின, கை கழுவுவது எப்படி, தலையணை எது என்றெல்லாம். அதெல்லாம் உண்மையாகவே உதவியிருக்கும், ஆனால் அடிப்படை முழுதாக இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கடைசி அரை சதவீதம் பயன்படும். நம் ஊர் மேடைப் பேச்சுகளில் இந்தக் கதையை மட்டும் தனியாக எடுத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆள் தேடுவதும் ஒரு கலை. ரெபெக்கா ரொமேரோ 2004ல் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர், 2008ல் சைக்கிளில் தங்கம். நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் பி.எம்.எக்ஸ் (மேடுபள்ளத் தடத்தில் சின்ன சைக்கிள் பந்தயம்) ஓட்டிக்கொண்டிருந்தவர், தோள் காயங்களால் ட்ராக்குக்கு மாறினார், பாரிஸில் மட்டும் மூன்று தங்கம். கால் பலமும் வெடிப்பும் இருக்கிற பிள்ளை எந்த மைதானத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துக் கூட்டிவர ஆள் வேண்டும்.

சொந்த ட்ராக் இருக்கிற நாடுகளால்தான் முடியும் என்பவர்களுக்கு நான் எப்போதும் ஹாங்காங்கைக் காட்டுவேன். லீ வை ஸீ என்ற வீராங்கனை 2012 லண்டனில் கெய்ரினில் (மோட்டார் வண்டிக்குப் பின்னால் வேகமெடுத்து, அது விலகியதும் முட்டிமோதி ஓட்டுகிற போட்டி) வெண்கலம் வாங்கியபோது ஹாங்காங்கில் உள்ளரங்க வெலோட்ரோமே கிடையாது. பணம் இல்லாத ஊர் இல்லைதான், ஆனால் ட்ராக் இல்லாத ஊர். அவருடைய கோச் ஷென் ஜின்காங் 1990களிலிருந்தே அந்த ஊர்ப் பிள்ளைகளோடு இருந்தவர், சீனாவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார். வெலோட்ரோம் அந்தப் பதக்கத்துக்குப் பிறகுதான் திறந்தது. மலேசியாவின் அஜிசுல்ஹஸ்னி அவாங்கும் அப்படியே, மெல்போர்னில் ஜான் பீஸ்லி என்ற ஒரே கோச்சிடம் வருஷக்கணக்கில் இருந்து, 2016ல் வெண்கலம், 2017ல் உலக சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. வெளியூரில் தங்கினாலும் பரவாயில்லை, கை மாறாமல் ஒருவரிடம் வளர்ந்தார்கள்.

இப்போது நம் நாடு. திறமை இல்லை என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். கார் நிக்கோபாரின் எசோ அல்பன் 2018 ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரினில் வெள்ளி வாங்கினார். 2019ல் அவரும் ரொனால்டோ சிங், ரோஜித் சிங்கும் சேர்ந்து ஜூனியர் டீம் ஸ்பிரிண்டில் (மூன்று பேர் மூன்று சுற்று ஓட்டுகிற போட்டி) உலக சாம்பியனே ஆனார்கள், ஆஸ்திரேலியாவைத் தாண்டி. நேரம் ஏறக்குறைய 44.7 விநாடி. ஐந்து வருஷம் கழித்து பாரிஸில் நெதர்லாந்து பெரியவர்கள் அதே போட்டியை 40.949 விநாடியில் முடித்தார்கள், இந்திய ட்ராக் வீரர் ஒருவரும் அங்கே இல்லை. 1964க்குப் பிறகு ஒலிம்பிக் சைக்கிளில் நமக்கு ஆளே இல்லை. அந்த நாலு விநாடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளிதான் பதினெட்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது. தோற்றுப்போன மற்ற நாட்டுப் பையன்கள் ஊருக்குப் போய் சீனியர் அணியோடு தினமும் ஓட்டுகிறார்கள். நம் பையனுக்கு அந்த வயதில் வீட்டில் கேட்கிற கேள்வி "வேலை என்ன ஆச்சு" என்பது, அதைக் கேட்கிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ரயில்வேயிலோ ராணுவத்திலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைக்கத் தேசியப் பதக்கம் போதும், உலகப் பதக்கம் தேவையில்லை. அதனால் இலக்கும் தேசிய அளவிலேயே நின்றுவிடுகிறது.

ட்ராக் வீராங்கனை டெபோரா ஹெரால்டும் கார் நிக்கோபார்தான். 2004 சுனாமியில் சிறுமியாக மரத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் தொங்கிப் பிழைத்தவர். அதே சுனாமி அடித்த எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய மரத்தள உள்ளரங்கம் இருக்கிறது, தேசிய அணி அங்கேதான். சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய திறந்தவெளி ட்ராக் இருக்கிறது, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா ட்ராக் போட்டிகள் அங்கே நடந்தன. கடலூரிலிருந்து போய்வருவதற்கே ஒரு நாள் போய்விடும். ஆனால் அடிமட்டத்தில் நம்மிடம் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்டந்தோறும் 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து, சாதாரண சைக்கிளில் போட்டி வைக்கிறார்கள். மீனவர் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அந்தக் கனமான சைக்கிளை மிதிக்கிற மிதியைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். பரிசு கொடுத்ததும் கதை முடிந்துவிடுகிறது, ஜெயித்தவளை மிதிக்கிற பலத்தை அளக்கும் பவர் மீட்டர் பொருத்திய ஒரு சைக்கிளில் ஏற்றிப் பார்க்கக்கூட அடுத்த படி இல்லை. முதலில் மண்டலத்துக்கு ஒரு சோதனை நாள் வைத்தாலே போதும், செலவு மிகக் குறைவு.

பிரிட்டனை அப்படியே காப்பி அடிக்கவும் சொல்லமாட்டேன். 2016ல் ஜெஸ் வார்னிஷ் என்ற வீராங்கனை வெளிப்படையாகப் புகார் சொன்ன பிறகு வந்த சுயேச்சை ஆய்வு, அந்த அமைப்புக்குள் பயம் நிலவியதைச் சொன்னது. நம் பக்கமும் 2022ல் ஸ்லோவேனியா முகாமிலிருந்து ஒரு வீராங்கனை தலைமைக் கோச் மீது புகார் கொடுத்தார், அணியையே திரும்ப அழைத்தார்கள். பெண்ணை அனுப்பலாமா சார் என்று ஒரு அம்மா கேட்டால் பெண் கோச் யார், கூடப் போவது யார், புகாரை யாரிடம் சொல்வது என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்வேன்.

முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: 2028ல் முடியாது, 2032ல் கெய்ரினிலோ ஸ்பிரிண்டிலோ ஒருவர் தகுதி பெற்றாலே நல்ல தொடக்கம். 2036ல் இருபத்து நான்கு வயதில் ஓட்டப்போகிறவர் 2012ல் பிறந்தவர். அந்த வயதுப் பிள்ளைகள் இப்போதே மாவட்டப் போட்டிகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் இருக்கும்.