எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? வீட்டுக்கல்வி கேள்வி பதில்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இவை. அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்புக்கான முழு செட்டையும் வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அவன் பெரிய பெரிய கதைப் புத்தகங்களைத் தானே வாசிக்கிறான். கணக்கிலோ கடன் வாங்கிக் கழிப்பதற்கே தடுமாறுகிறான். எந்த வகுப்புப் புத்தகம் வாங்குவது?

பதில்: முழு செட் வேண்டாம். வாசிப்பில் ஐந்தாம் வகுப்பு, கணக்கில் இரண்டாம் வகுப்பு, எழுதுவதில் மூன்றாம் வகுப்பு என்று ஒரே பிள்ளை இருப்பது குறையே இல்லை. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான். ஒரே வயதுக்காரர்களை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக லெவல் பார்த்து வாங்குங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கணக்கில் ஒன்று தெரிந்தால்தான் அடுத்தது ஏறும். கழித்தல் தடுமாறும் பிள்ளை நீள வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் விழுவான், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு படியிலும் கழிக்க வேண்டும். பிள்ளை எந்த லெவலில் தொடங்க வேண்டும் என்று காட்டும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டைப் பல பதிப்பகங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் அதைச் செய்ய வையுங்கள். இல்லையென்றால், அவனுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைக்கும் புத்தகத்தின் கடைசித் தேர்வைக் கொடுங்கள். முதல் பாடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எந்தப் புத்தகத்திலும் முதல் சில பாடங்கள் போன வருடத்தின் மீள்பார்வைதான். கடிகாரம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்தால் அடுத்த புத்தகம். அறுபதிலிருந்து எண்பது என்றால் அதே புத்தகத்தில் தவறிய பாடங்களை மட்டும் முடித்துவிட்டு மேலே போகலாம். அறுபதுக்குக் கீழே என்றால் அந்தப் புத்தகத்தையே முதலிலிருந்து தொடங்குங்கள். இது நான் வைத்திருக்கும் அளவுகோல், உங்கள் பிள்ளையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணோடு அவன் எப்படிச் செய்கிறான் என்பதையும் கவனியுங்கள். விடை சரியாக இருந்து, 8+7க்கு இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான் என்றால் மேலே ஏற அவசரம் வேண்டாம்.

வாசிப்புக்கு வேறு வழி. புத்தகத்தின் நடுவிலிருந்து 100 சொற்கள் உள்ள ஒரு பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறிய சொற்களை எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் நீங்கள் கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஏற்ற புத்தகம். ஒன்றுதான், அல்லது அதுவும் இல்லை என்றால் தானாகவே வாசிக்கலாம். பத்துக்குப் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும். வாசிப்புக் கல்வியில் எம்மெட் பெட்ஸ் 1946இல் வகுத்த அளவு இது, இன்றும் பயன்படுகிறது. வாசித்து முடித்ததும் என்ன நடந்தது என்று அவன் வாயால் சொல்ல வையுங்கள். வேகமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளும் உண்டு.

அட்டை எண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாக்ஸன் என்ற அமெரிக்கக் கணக்குப் புத்தக வரிசையில் 6/5 என்று போட்டிருந்தால், சராசரி வேகத்தில் போகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேகமாகப் போகும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது பொருந்தும். சிங்கப்பூர் முறைக் கணக்குப் புத்தகங்களில் 2ஏ, 2பி என்பவை அரை அரை வருடத்துக்கானவை. ஒரு பதிப்பகத்தின் மூன்றும் இன்னொன்றின் மூன்றும் ஒன்றல்ல. பதிப்பகம் மாறினால் டெஸ்ட்டும் புதிதாக வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள், 5, 8, 11 வயது. மூன்று பேருக்கும் ஆறு பாடம் என்று வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கிறேன். முடியவில்லை அக்கா.

பதில்: பதினெட்டுப் பாடம் யாராலும் முடியாது. கணக்கு, எழுத்துக்கூட்டி வாசிப்பது, எழுதுவது ஆகிய மூன்றை மட்டும் ஆளுக்கு ஒரு லெவலில் வையுங்கள். வரலாறு, அறிவியல், புவியியல், கதை, பாட்டு, ஓவியம் எல்லாம் மூவருக்கும் ஒன்றாகவே நடக்கட்டும். பண்டைய நாகரிகங்களைப் படிக்காமல் புதிய கடல்வழிகளைக் கண்டுபிடித்த காலத்தைப் படித்தால் எதுவும் உடைந்துபோகாது. அதனால்தான் வரலாற்றுப் பாடத்திட்டங்கள் பலவற்றில் பண்டைய காலம் முதல் நவீன காலம் வரை நான்கு வருடச் சுற்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்று 5 வயதில் கதையாகக் கேட்கும் சின்னவன் 9 வயதில் அதே காலத்துக்குத் திரும்பி வருவான், அப்போது காரணங்களைக் கேட்பான். மாண்டிசோரி வகுப்பறைகளிலும் 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தே வைக்கிறார்கள்.

பாடம் ஒன்று, அவர்கள் செய்து காட்டுவது வேறு வேறு. நீர்ச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தை மூவருக்கும் வாசித்துக் காட்டுகிறீர்கள். 5 வயதுப் பிள்ளை மேகமும் மழையும் வரைந்து வாயால் சொல்லட்டும். 8 வயதுப் பிள்ளை படம் வரைந்து பாகம் குறித்து நான்கைந்து வாக்கியம் எழுதட்டும். 11 வயதுப் பிள்ளை அகலமான தட்டிலும் குறுகலான டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வைத்து, தினமும் எவ்வளவு குறைகிறது என்று அளந்து வரைபடம் போட்டு, ஏன் தட்டில் சீக்கிரம் வற்றுகிறது என்று விளக்கட்டும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நேரத்தில் எப்போதும் சின்னவனை முதலில் சொல்ல விடுங்கள். பெரியவள் தொடங்கிவிட்டால் எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்துவிடுவாள், சின்னவனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பாடம் சின்னதாக இருக்கட்டும். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே சின்னப் பிள்ளைகளுக்குக் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு பாடம் வேண்டாம் என்றார். அதற்குமேல் 5 வயதுக்காரன் எழுந்து ஓடினால் ஓடட்டும்.

கேள்வி: 4 வயது மகளுக்கு எந்தப் பாடத்திட்டம் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். நிறைய வாசித்துக் காட்டுங்கள், நிறையப் பேசுங்கள், எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் வீட்டுப் பொருட்களையே கொடுங்கள். பின்லாந்தில் முறையான பள்ளிப் படிப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது. எழுத்து எழுத்து என்று அவளே கேட்டால் சொல்லிக்கொடுங்கள், அவள் எழுந்துபோனால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 10 வயது. பள்ளியிலிருந்து இப்போதுதான் எடுத்தோம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னம் வந்தாலே அழுகிறான். நான்காம் வகுப்புக்கு இறக்கினால் அவமானப்படுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் சில வாரம் கணக்குப் புத்தகத்தையே மூடி வையுங்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும்.

பிறகு, முழு வகுப்பையும் இறக்குவதற்கு முன் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்று கேளுங்கள். 1/4 என்றால், 4 பெரிய எண் என்பதால் அப்படிச் சொல்கிறான். பின்னம் என்றால் என்ன என்பதே பதியவில்லை. காகிதப் பட்டைகளை மடித்து, வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். அதைச் சரியாகச் சொல்லிவிட்டு 1/2 + 1/3 இல் நின்றால் 1/3 = 2/6, 1/2 = 3/6 போன்ற சம பின்னங்களைப் பாருங்கள். அதுவும் தெரிந்து மெதுவாகத் திணறினால் பெரும்பாலும் வாய்ப்பாடுதான் காரணம், தினமும் ஐந்து நிமிட வாய்ப்பாடு போதும். மூன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. "நான்காம் வகுப்பு" என்று பொத்தாம்பொதுவாக இறக்கினால் தெரிந்ததையே திரும்பச் செய்து சலித்துப்போவான்.

அவமானம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தேவையான பாடங்களை மட்டும் பிரதி எடுத்து ஃபைலில் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாளில் வகுப்பு எண் இருக்காது.

கேள்வி: 7 வயதுத் தங்கை கணக்கில் 10 வயது அண்ணனை எட்டிப் பிடித்துவிட்டாள். இருவருக்கும் ஒரே புத்தகம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். ஒரே புத்தகம் என்றால் தினமும் பக்க எண்ணை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அண்ணன் கணக்கையே வெறுத்துவிடுவான். வேறு வேறு பதிப்பகம், வேறு வேறு நேரம். அவன் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். அவளுக்குக் கணக்கு சீக்கிரம் வருகிறது, உனக்கு எது சீக்கிரம் வருகிறதோ அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று, பார்த்ததைக் குறிப்பாகவே சொல்லுங்கள்.

தங்கைக்கும் ஒரு கவனம் வேண்டும். கணக்கில் முந்தும் 7 வயதுக் கையால் பெரிய வகுப்புக்காரர்களின் அளவுக்கு எழுத முடியாது. அவள் விடையை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு ஓடுவதைவிடப் புதிர்களிலும் நீண்ட வாய்க்கணக்குகளிலும் அகலமாகப் போக விடுவதே எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: பிள்ளைகளுக்கு 9, 12 வயது. தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் பெரியவள் "பாப்பா புத்தகம்" என்று தள்ளிவிடுகிறாள்.

பதில்: அவள் சொல்வது சரி. எழுத்தில் அவள் ஒன்றாம் வகுப்பு, பேச்சிலும் சிந்தனையிலும் 12 வயது. இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

247 எழுத்து என்றதும் பயந்துவிடுகிறார்கள். 12 உயிர், 18 மெய், உயிர்க்குறிகள் இவை பிடிபட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானாக வரும். உகர, ஊகார வரிசையில்தான் கு, சு, து, மு என்று வடிவம் மாறுகிறது, அதைத் தனியாகப் பழக்குங்கள். அ, ஆ என்று வரிசையாகப் போகாமல் ட, ப, ம, த, ர என்று எளிய வடிவங்களில் தொடங்கினால் சீக்கிரமே படம், மரம், பட்டம் என்று சொல்லாக வாசிக்க முடியும்.

அவள் அன்று சொன்ன ஒரு விஷயத்தை, அவள் சொன்னபடியே மூன்று வரி எழுதிக் கொடுங்கள். அதை அவள் வாசிக்கட்டும். தன் பேச்சு என்பதால் அடுத்த சொல்லை ஊகிக்க வரும், உள்ளடக்கமும் அவள் வயதுக்கு ஏற்றதாக இருக்கும். முதலில் "வந்துட்டான்" என்றே எழுதலாம். வாசிப்பு ஓடத் தொடங்கியதும் "வந்துவிட்டான்" என்று மாற்றுங்கள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை ஒரே நாளில் தாண்டச் சொன்னால் நன்றாகப் பேசும் பிள்ளைகூட நின்றுவிடும். ல, ள, ழ பிழைகளை இப்போது திருத்தாதீர்கள், நிறைய வாசித்தால் பாதி போய்விடும். இருவருக்கும் தனித்தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: வருடத்தின் நடுவில் புத்தகம் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. மாற்றலாமா, முடிக்க வேண்டுமா?

பதில்: தொடர்ந்து மூன்று வாரம் பாருங்கள். ஒரு நாள் அழுகை எதையும் சொல்லாது. இருபது நிமிடப் பாடம் தினமும் ஒரு மணி நேரம் இழுத்தால் லெவல் அதிகம். ஐந்து நிமிடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் முடித்தால் லெவல் குறைவு. விடைகள் சரியாக இருந்தும் பிள்ளை வெறுத்தால் லெவல் சரிதான், முறைதான் பொருந்தவில்லை. அப்போது வகுப்பை மாற்றாமல் பதிப்பகத்தை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. 16இல் பொதுத்தேர்வு எழுத வைக்க நினைக்கிறோம். இப்போதும் அவள் போக்கிலேயே விடலாமா?

பதில்: இங்கே மட்டும் என் பதில் மாறுகிறது. தேர்வு என்று வந்துவிட்டால் லெவலைத் தேர்வு வாரியம்தான் வைக்கிறது. அந்த வாரியத்தின் சிலபஸையும் பழைய வினாத்தாள்களையும் இன்றே எடுத்து, தெரிந்தது, தெரியாதது என்று அவளோடு உட்கார்ந்து குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி மாதவாரியாகத் திட்டம் போடுங்கள். இயற்கணிதம் பலவீனம் என்றால் இயற்பியலைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். எதை எடுப்பது என்பதில் அவள் விருப்பத்துக்கு நிறைய இடம் கொடுக்கலாம். ஆனால் தேர்வு மையம் தனித்தேர்வரை ஏற்குமா, அறிவியல் செய்முறையை எங்கே செய்வது, பதிவுக்குக் கடைசி நாள் எது, நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் வீட்டுக்கல்விக்கு என்ன கேட்கிறது, இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு புத்தகம் வாங்குங்கள்.