மஞ்சள் காய்ச்சல் அட்டைக்குப் பத்தாண்டுக் கெடு இல்லை

கேள்வி: 2014 மார்ச்சில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு உகாண்டா சென்று வந்தேன். மீண்டும் கம்பாலா செல்ல வேண்டியுள்ளது. ஊசி போட்டதற்கான சான்று அட்டை காலாவதியாகிவிட்டது, ஊசி போடாமலே நாலாயிரம் ரூபாய்க்குப் புது அட்டை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பழைய அட்டையே செல்லும். ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் போதுமானது என்று தெரிந்த பின், 2014-இல் உலக சுகாதாரப் பேரவை, அட்டைக்கு இருந்த பத்தாண்டுக் கெடுவை நீக்கி, சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2016 ஜூலை 11 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் ஊசி போட்டவர்களுக்கும் பொருந்தும். அட்டையில் 2024 என்று எழுதியிருந்தாலும் அந்தத் தேதிக்கு இப்போது மதிப்பில்லை. நாடுகள் கூடிப் பேசி எடுத்த இந்த எளிய முடிவை உள்ளூரில் ஒரு சுவரொட்டியாகக்கூட ஒட்டாமல் விட்டதால்தான் ஏஜென்ட்டுகள் இன்னமும் இதில் காசு பார்க்கிறார்கள்.

ஊசியில்லா அட்டை வெறும் காகிதம். இங்கே டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். அந்த வைரஸ் மட்டும் இன்னும் இந்தியாவுக்குள் வரவில்லை. அதனால்தான் நோயுள்ள நாட்டிலிருந்து முறையான அட்டையின்றித் திரும்புபவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்துகிறார்கள். புதிதாகப் போட வேண்டியவர்கள் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். அட்டை அதன் பிறகே செல்லுபடியாகும்.

உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் எண். இதற்குள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருப்பீர்கள். எண் பொருந்தவில்லை என்று அலுவலர் நிறுத்தக்கூடும். புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், ரத்தான பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெயரின் எழுத்துகள் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஊசி போட்ட மையத்திலேயே கேளுங்கள். நீங்களாகப் பேனாவால் திருத்தினால் அட்டையே செல்லாமல் போகலாம்.

இவை அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். சுகாதார அலுவலரின் மேசையைத் தாண்டிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.