‘சும்மாதான் இருந்தது டாக்டர், திடீர்னு பாய்ஞ்சிடுச்சு!’ – பூனை வளர்ப்போர் கேள்விகளுக்கு கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் பூனைக்கு மூன்று வயது, ஆண், பரம சாது. போன வாரம் பால்கனிக் கண்ணாடிக் கதவைப் பார்த்து உறுமிக்கொண்டு நின்றது. என்னவோ என்று குனிந்து தடவினேன், கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. என் மனைவி இப்போது அதன் பக்கமே போவதில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா?
– வாசகர், திருச்சி

கதவுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? அநேகமாக ஒரு தெருக் கடுவன். தன் எல்லைக்குள் வேறொரு பூனை வந்து நிற்கிறது, கண்ணாடி குறுக்கே இருப்பதால் போய் மோத முடியவில்லை. அந்த ஆத்திரத்தின் உச்சியில் உங்கள் கை மேலே பட்டது. கடி உங்களுக்கு, கோபம் அந்தக் கடுவன் மேல். வீட்டுக்காரர்கள் ‘காரணமே இல்லாமல் கடித்தது’ என்று சொல்லும் சம்பவங்களில் இது நிறைய.

இந்தப் படபடப்பு ஐந்து நிமிடத்தில் இறங்காது. சில மணி நேரம் நீடிக்கும். சில பூனைகளுக்கு ஒரு நாளைத் தாண்டியும். எனவே சமாதானப்படுத்தத் தூக்காதீர்கள், ‘என்னடா ஆச்சு’ என்று முகத்துக்கு நேரே குனியாதீர்கள், அடிக்கவே கூடாது. கையால் தள்ளாமல், ஒரு பெரிய அட்டையையோ தலையணையையோ மறைப்பாகப் பிடித்து ஓர் அறைக்குள் ஒதுக்குங்கள். விளக்கை அணைத்து, தண்ணீரும் மணல் தட்டும் வைத்து விட்டுவிடுங்கள். தானாக வந்து சாப்பிட்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் தணிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, கண்ணாடியின் கீழ்ப்பாதியை வெளியே தெரியாதபடி காகிதம் ஒட்டி மறையுங்கள். பால்கனிக்குக் கீழே தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால், நல்ல காரியம்தான், இடத்தை மட்டும் மாற்றுங்கள். கருத்தடை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். ஆண் பூனைகளின் சண்டையும் கண்ட இடத்தில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெருமளவு குறையும். உங்கள் மனைவி தொட்டுக் கொஞ்ச வேண்டாம், தினமும் சாப்பாட்டை மட்டும் அவர் கையால் வைக்கட்டும். அச்சம் இருவருக்கும் விலகும்.

மடியில் வந்து படுக்கிறது, தடவினால் குர்குர் என்கிறது. கொஞ்ச நேரத்தில் நறுக்கென்று கடி! எதற்கு வந்து படுக்க வேண்டும்?
– வாசகி, கோவை

படுக்கத்தான் வந்தது. தடவச் சொல்லி வரவில்லையே! தொடர்ந்து தடவினால் பல பூனைகளுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அது எரிச்சல். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலையடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், குர்குர் நின்றுவிடும். இதெல்லாம் ‘போதும்’ என்பதற்கான அறிவிப்பு. டிவி பார்த்துக்கொண்டே தடவுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களில் இரண்டு மூன்று முறை தடவி நிறுத்துங்கள். அது தலையால் முட்டிக் கேட்டால் தொடரலாம். வயிறு வேண்டவே வேண்டாம்.

நான்கு மாதக் குட்டி. நடந்தால் காலைப் பிடித்துக் கடிக்கிறது. நகத்தை நிரந்தரமாக எடுத்துவிட முடியுமா?
– வாசகர், மதுரை

நகம் மட்டும் தனியாக வராது. விரலின் கடைசி எலும்பையே வெட்ட வேண்டும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். நகத்தின் கூர் நுனியை வெட்டிவிட்டால் போதும், சிவப்பாகத் தெரியும் ரத்தக்குழாய்ப் பகுதிக்கு வராமல்.

குட்டி செய்வது வேட்டை விளையாட்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். சீக்கிரமே பிரித்துத் தனியாக வளர்த்தால் அந்தப் பாடம் இல்லை. நீங்களும் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டியிருப்பீர்கள். இனி குச்சியில் கட்டிய துணியைத் துரத்தட்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம், முடிவில் சாப்பாடு.

ஆபரேஷன் முடிந்து ஒரு பூனை வீட்டுக்கு வந்தது. கூடவே வளர்ந்த இன்னொன்று அதைப் பார்த்துச் சீறுகிறது.
– வாசகி, சேலம்

ஆஸ்பத்திரி வாசனைதான் காரணம். ஓரிரு நாள் தனி அறை. ஒன்று படுத்த துணியை மற்றதன் படுக்கையில் போட்டு மாற்றுங்கள். சரியாகிவிடும்.

பன்னிரண்டு வயதுப் பூனை. தூக்கினாலே உறுமுகிறது, கடிக்க வருகிறது. வயதான எரிச்சலா? காய்ச்சல் மாத்திரை அரை கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

வயதான பூனையின் குணம் மாறினால் முதலில் வலியைத்தான் சந்தேகிப்பேன். மூட்டுத் தேய்மானம் இந்த வயதில் மிகச் சாதாரணம். முன்பு ஏறிய அலமாரியில் இப்போது ஏறுகிறதா என்று கவனியுங்கள். வாய் நாற்றம், ஒரு பக்கமாக மெல்லுவது இருந்தால் பல். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். பூனைக்கென்றே உள்ள வலி மருந்துகள் இருக்கின்றன.

வீட்டுப் பூனை கடித்தால் ஊசி தேவையா? சின்ன ஓட்டைதான், மஞ்சள் வைத்திருக்கிறேன்.
– வாசகி, நாகர்கோவில்

மஞ்சளைக் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். பூனைப் பல் மெல்லியது, ஊசி போல ஆழமாக இறங்கும். மேலே ஓட்டை மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகும். விரல் மூட்டில் பட்டிருந்தால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரேபிஸ் பூனையாலும் வரும். அரசு மருத்துவமனைக்கு இன்றே போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். பூனை 10 நாள் நலமாக இருந்தால் மீதி ஊசிகள் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். அந்த 10 நாளும் அதை வெளியே விடாதீர்கள். எச்சில் ஒழுகினாலோ, தள்ளாடினாலோ கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. மருத்துவமனையில் முதலில் கேட்பதே அதுதான், சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.